அறிவியல் தினத்துக்கு யாரைப் பற்றிப் பேசுவது? கொழிஞ்சாம்பாறை டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் இந்த வருஷம் சேர்ந்த அறிவியல் டீச்சர் கேட்கிறார்: பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்குப் பெண் விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசச் சொல்லி ஹெச்.எம். என் தலையில் கட்டிவிட்டார். எட்டு முதல் பத்து வரை படிக்கும் பெண் பிள்ளைகள்தான் எதிரே உட்காரப் போகிறார்கள். மேரி கியூரியையும் கல்பனா சாவ்லாவையும் வருஷா வருஷம் கேட்டுச் சலித்தவர்கள். நம் பக்கத்துப் பெண்கள் யாராவது உண்டா? இன்னொன்று, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் வேண்டாம் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

டீச்சர், ஆள் பஞ்சமே இல்லை. ஒரு நாள் பஸ் பயணத்தில் போய்விடக்கூடிய ஊர்களில் பிறந்தவர்களும் வேலை பார்த்தவர்களுமே உங்கள் மேடைக்குப் போதும். ஆனால் ஒரு வேண்டுகோள். ‘மேதை’, ‘சாதனைப் பெண்மணி’ என்ற சொற்களை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அவற்றைக் கேட்டதுமே பின்வரிசைப் பிள்ளை ‘சரி, இது நமக்கு இல்லை’ என்று முடிவு கட்டிவிடும். அதற்குப் பதில், அந்தப் பெண்ணைத் தடுத்தது எந்த விதி, அந்த விதியைத் தாண்ட எது உதவியது, பணமா, உதவித்தொகையா, பெண்கள் கல்லூரியா என்று சொல்லுங்கள். தங்கள் முன்னால் நிற்கிற தடை எது என்று பிள்ளைகள் தாமாகவே யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

முதலில் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. 1918 ஆகஸ்ட் 23 அன்று இடுக்கி மலையில் இருக்கும் பீர்மேட்டில் பிறந்தவர். வண்டிப்பெரியார், ஏலப்பாறை என்று நம் ஆட்கள் தலைமுறைகளாகத் தேயிலை பறிக்கிற அதே மலை. ஆனால் அவர் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண் இல்லை. அப்பா சிவில் எஞ்சினியர், ஏலத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். இதை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் விவரமானவர்கள், வசதி இருந்தது என்பதை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி காதுக்கு வைரத் தோடு பரிசாக வந்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கித் தாருங்கள் என்று கேட்ட பெண். வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி வந்து போன பாதிப்பில் கதர் கட்ட ஆரம்பித்தவர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1940இல் உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே வைரத்தையும் மாணிக்கத்தையும் வைத்து ஒளியியல் ஆய்வு. ஒரு புகைப்படத் தகட்டில் நிறமாலை பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். இரவு முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே கிடக்க வேண்டிய வேலை. 1942க்கும் 1945க்கும் நடுவில் தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், எம்.எஸ்சி. பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனர்ஸ் முடித்து, பட்டமேற்படிப்பு உதவித்தொகையில் சேர்ந்து, வேலையும் முடித்தவருக்கு இந்தப் பதில். அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. கடைசிவரை அவர் ‘டாக்டர்’ அன்னா மணி ஆகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘இது நியாயமா?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் பேசட்டும்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1945இல் இயற்பியல் படிக்க லண்டன் போனவருக்கு வானிலைக் கருவிகள் துறையில்தான் இடம் கிடைத்தது. சரி என்று அதைக் கற்றுக்கொண்டு 1948இல் திரும்பி, புனேயில் வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மழைமானி, வெப்பமானி மாதிரி சாதாரணக் கருவிகளுக்குக்கூட நாடு வெளிநாட்டை நம்பியிருந்த காலம். நூற்றுக்கு நெருக்கமான கருவிகளுக்கு வரைபடம் தரப்படுத்தி, இங்கேயே செய்ய வைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, நாட்டின் பல இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1963இல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வகம் அமைத்துக் கொடுத்ததும் அவர்தான். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில், எங்கே எவ்வளவு காற்று என்று தொகுத்து நூல்களாகவே கொண்டுவந்தார். இன்று சோலார் தகடு போடுகிறவர்களும் காற்றாலை நடுகிறவர்களும் இப்படிப்பட்ட கணக்கின் மேல்தான் நிற்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே குடியிருக்கிறோம். ஆடிக் காற்றில் குடை பிடித்துப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள்தான் அவர்கள். கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். அதைக் காட்டி ஒரு கணக்குச் சொல்லுங்கள்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால்தான் காற்றாலை நடுவதற்கு முன்னால் வருஷக் கணக்கில் வேகத்தை அளந்து பார்க்கிறார்கள். அளவில் சின்னத் தப்பு வந்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அடுத்து மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ். சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். 1886இல் பிறந்தவர். அப்பா திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கே திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் கொடுக்க மாட்டோம், பெண் என்பதால் வரலாறு படி என்றார்கள். வரலாற்றில் பி.ஏ. முடித்து, லண்டன் போய் எம்.பி.பி.எஸ். வாங்கி வந்தார். 1938இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். மருத்துவத் துறைக்கே தலைவர். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை வந்ததில் அவர் பங்கு பெரிது.

அவருக்கு அறிவியல் மறுத்த அந்தக் கல்லூரியின் அறிவியல் பிரிவிலேயே 1932இல் தாவரவியல் கற்பிக்க ஒரு பெண் வந்தார் என்பதை இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அவர்தான் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். அவர் பாதையைக் கவனித்தால் ஒவ்வொரு படியிலும் பெண்களுக்கென்றே யாரோ உண்டாக்கி வைத்த ஒரு ஏற்பாடு இருக்கும். சென்னை ராணி மேரி கல்லூரி 1914இல்தான் தொடங்கியது, அங்கே படித்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, 1915இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேலை பார்த்தார். ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா போய், 1931இல் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டத்தோடு வந்தார். இருபது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் இதில் பாதி அவருக்குக் கிடைத்திருக்காது.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர்; நம் பிள்ளைகளுக்கு அது தீபாவளித் துணி எடுக்கப் போகிற ஊர். மேனோன்பாறையில் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தையும், கரும்பு லாரி பின்னால் ஓடியதையும் அவர்கள் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். அந்தக் கரும்பில் இனிப்பு அதிகம் உள்ள வகை வெளிநாட்டிலிருந்து வந்தது. நம் மண்ணையும் நோயையும் தாங்குவது இங்கே வளர்கிற நாணல் மாதிரியான காட்டு வகை. இரண்டையும் கலந்தால்தான் பயிர் நிற்கும். எதை எதோடு கலக்கலாம் என்று தெரிய, செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம்களை எண்ண வேண்டும், அதுதான் ஜானகி அம்மாளின் வேலை. கரும்பை மூங்கிலோடுகூடக் கலந்து பார்த்திருக்கிறார். கல்யாணம் ஆகாத பெண், அதிலும் அன்று தாழ்ந்ததாகச் சொன்ன சாதி. அந்த நிலையத்தில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. 1939இல் இங்கிலாந்து போய்விட்டார். அங்கே டார்லிங்டன் என்ற மரபியல் விஞ்ஞானியோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். நேரு அழைத்து 1951இல் திரும்பி வந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார்.

எண்பதை நெருங்கும் வயதில் நம் ஜில்லாவுக்கே வேலையாக வந்தார். சைலன்ட் வேலியில் குந்திப்புழையின் குறுக்கே அணை வருவதற்கு எதிராகப் போராட்டம் நடந்த சமயம், அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பில் இறங்கினார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது. மண்ணார்க்காடு வழியாக அங்கே டூர் போன பிள்ளைகள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். கை தூக்கச் சொல்லுங்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான ஆள். உயிர்வேதியியல் விஞ்ஞானி கமலா சோஹோனி நம் பக்கத்தவர் இல்லை, பம்பாய்க்காரர். ஆனால் அறிவியல் தினம் என்பதே சி.வி. ராமன் ஒளியில் கண்டுபிடித்த ராமன் விளைவைக் கொண்டாடுகிற நாள் என்பதால் அவர் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1933இல், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றுவிட்டு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநராக இருந்த ராமன், பெண் என்று சொல்லி மறுத்தார். கமலா நேரில் போய் வாதாடி, விடாமல் நின்று, முதல் வருஷம் சோதனை அடிப்படையில் என்ற நிபந்தனையோடு இடம் வாங்கினார். அவர் வேலையைப் பார்த்த பிறகுதான் மற்றப் பெண்களுக்கும் அங்கே வழி பிறந்தது. ஏழு வருஷம் கழித்து அன்னா மணி ராமனிடமே சேர முடிந்ததன் பின்னணி இது. 1939இல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். பிற்பாடு அவர் ஆராய்ந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? நீராவை! நம் ஊர்த் தெளுவுதான், மரத்திலிருந்து இறக்குகிற புளிக்காத பதநீர். அதில் என்னென்ன சத்து இருக்கிறது என்று கண்டு சொன்னதற்குக் குடியரசுத் தலைவர் விருது வாங்கினார். நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பும் வரும், மறக்கவும் மாட்டார்கள்.

‘ராமன் நாளில் ராமனைக் குறை சொல்வதா’ என்று சக ஆசிரியர் யாராவது முகம் சுளிக்கலாம். ராமன் பெரிய விஞ்ஞானிதான், இந்த விஷயத்தில் அவர் செய்தது தப்புதான். இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது புரியும்.

இன்றைக்கு ஒருவர் வேண்டும் என்றால் நிகர் ஷாஜி. செங்கோட்டைக்காரர். 1956 வரை செங்கோட்டையும் பீர்மேடு மாதிரி திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. விவசாயி மகள், உள்ளூர்ப் பெண்கள் பள்ளி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, 1987இல் ஸ்ரீஹரிகோட்டாவில் வேலை. 2023 செப்டம்பர் 2இல் கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிற கலம். பீர்மேட்டுப் பெண் தரையில் நின்று வெயிலை அளந்தார் என்றால், மலைக்கு இந்தப் பக்கத்துப் பெண் மேலே போய் அளக்கிறார். ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இதைப் படித்தால், அவர்கள் இவரையே முதலில் வைக்கலாம். ராக்கெட் கிளம்பினால் வாசலில் நின்று பார்க்கிற ஊர்கள் அங்கே உண்டு. திருப்பதியில் 1983லிருந்து பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வேறு இருக்கிறது.

சரி, பேச்சு முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

லேபில் யார் கையில் கருவி இருக்கிறது என்று ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள். நான் வேலை பார்த்த இடங்களில் பார்த்தது இதுதான்: ஐந்து பேர் குழுவில் பியூரெட்டைப் பிடிப்பதும் வயரை மாட்டுவதும் பையன்கள். ‘உனக்குக் கையெழுத்து அழகா இருக்கு’ என்று ரெக்கார்டு எழுதுகிற வேலை பெண் பிள்ளைகளுக்கு. வருஷக் கடைசியில் அவள் ரெக்கார்டு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும், மின்சுற்றில் ஒரு சுவிட்ச்கூடப் போட்டிருக்க மாட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம். செய்முறைக்கு மட்டும் பெண் பிள்ளைகளைத் தனிக் குழுவாக்குங்கள். ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரியும். அலமாரியில் பூட்டிக் கிடக்கிற கருவிகளை வெளியே எடுங்கள். உடைந்துவிடுமோ என்று பயந்து பூட்டி வைத்த கருவி உடைந்த கருவிக்குச் சமம்தான்.

அன்னா மணியைப் பற்றிப் பேசிய கையோடு ஒரு மழைமானி செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை. பக்கம் நேராக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி கவிழ்த்தால் போதும். பாட்டிலின் அடி வளைந்திருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். மரம், சுவர் எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். புனலின் வாயும் பாட்டிலும் ஒரே அகலம் என்றால் ஸ்கேல் காட்டுவதே மழை அளவு. அடுத்த வாரம் வேண்டுமென்றே 10 செ.மீ. வாயுள்ள புனலை 5 செ.மீ. பாட்டிலில் வைத்துக் காட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழைக்குத் தண்ணீர் நான்கு மில்லிமீட்டர் ஏறும். ஏன் இரண்டு இல்லை, நான்கு? பரப்பளவு அங்கே தானாகப் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் என்று தெரிந்ததும், பள்ளி மொட்டை மாடியில் எத்தனை குடம் தண்ணீர் வீணாகிறது என்று அவர்களே கணக்குப் போடுவார்கள்.

வானிலைத் துறை காலை 8.30க்கு அளவு எடுக்கிறது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு முறை வைத்துப் பொறுப்புக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: அளக்க மறந்த நாளில் ‘0’ என்று எழுதக் கூடாது, ‘அளக்கவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். கேரளாவின் சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் என்று பாடப்புத்தகம் சொல்லும். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வானம் பார்த்துக் கிடக்கிற பிள்ளைகளுக்கு அது வேறு நாட்டுச் செய்தி. தங்கள் நோட்டில் இருக்கும் எண் ஏன் இவ்வளவு குறைகிறது என்று கேட்கிற பிள்ளை புவியியலையும் இயற்பியலையும் ஒன்றாகத் தொட்டுவிட்டாள். பள்ளி அறிவியல் கண்காட்சியான சாஸ்திர மேளாவுக்குத் தெர்மோகோல் எரிமலையைவிட அந்த நோட்டு மேல்.

ப்ளஸ் ஒன்னில் சயின்ஸைக் கண்டு ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அறிவியல் இல்லை, பாஷை. பத்து வரை எல்லாம் தமிழில். எஸ்எஸ்எல்சி கேள்வித்தாளும் தமிழில். அதில் ஏ ப்ளஸ் வாங்கின பிள்ளை ப்ளஸ் ஒன்னில் உட்கார்ந்ததும் புத்தகம் முழுக்க இங்கிலீஷ், டீச்சர் விளக்குவது மலையாளத்தில். முதல் இரண்டு மாதத்தில் ‘எனக்கு மண்டையில் ஏறல’ என்று முடிவு செய்து ஹ்யூமானிட்டீஸுக்கு மாறிவிடுகிறாள். மூணாறு, மறையூர்ப் பக்கமும் இதே கதைதான்.

இதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே மருந்து போட வேண்டும். கேரளப் பாடநூல்களைத் தயாரிக்கிற எஸ்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகம் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. இங்கிலீஷ் மீடியம் புத்தகம் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். தமிழில் பாடத்தை முடித்த பிறகு, அதே பாடத்தின் இங்கிலீஷ்ப் பக்கத்தைப் பத்து நிமிடம் உரக்கப் படிக்க விடுங்கள். புரிந்த விஷயத்தை வேறு பாஷையில் படிப்பது கஷ்டமே இல்லை; புரியாத விஷயத்தைப் புரியாத பாஷையில் படிப்பதுதான் ஆளைக் கொல்லும். முடுக்கத்தை ஆக்ஸிலரேஷன் என்றும், வினையூக்கியை கேட்டலிஸ்ட் என்றும் பத்து முடிவதற்குள் காது பழகிவிட்டால் போதும். தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழை நூலகத்துக்கு வரவழையுங்கள், மலையாளம் படிக்கிற பிள்ளைகளுக்கு ‘யுரீக்கா’வும் இருக்கட்டும்.

உதவித்தொகைகளை மளமளவென்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு: தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். இன்ஸ்பயர் மானக்: பிள்ளையின் யோசனையைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும், தேர்வானால் 10,000. பொறியியலோ டிப்ளமோவோ சேர்கிற பெண்களுக்குப் பிரகதி உதவித்தொகை, வருஷத்துக்கு 50,000. ஐ.ஐ.டி.களில் 2018லிருந்து பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உண்டு, பாலக்காடு ஐ.ஐ.டி. கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறது என்பதே நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. தொகையும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. நம் பக்கம் சயின்ஸ் எடுக்கிற பெண்ணுக்கு வீட்டில் தெரிந்த வழிகள் இரண்டுதான்: நர்சிங், இல்லாவிட்டால் எம்.எஸ்சி., பி.எட். முடித்து டீச்சர். நானும் அப்படி வந்தவள்தான், இரண்டும் நல்ல வேலைகள்தான். ஆனால் கருவி செய்கிறவள், மண் பரிசோதிக்கிறவள், வானிலை பார்க்கிறவள், விதை ஆராய்கிறவள் என்று வேறு வேலைகளும் உண்டு என்று பள்ளியில் யாராவது சொல்லியாக வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் பெரிய ஆபீசர் யாரையும் கூப்பிடாதீர்கள். உங்கள் பள்ளியிலேயே தமிழ் மீடியத்தில் படித்து, இப்போது சித்தூர் கல்லூரியிலோ பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலோ சயின்ஸ் படிக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள். அப்பாமார்கள் பாடத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். எத்தனை மணிக்குப் பஸ், சாயங்காலம் வீட்டுக்கு எப்போது வருவாய் என்றுதான் கேட்பார்கள். அதற்கு அவளால்தான் நம்பும்படியாகப் பதில் சொல்ல முடியும். அந்தக் கூட்டத்தை ரிசல்ட் வந்த பிறகு வைக்காதீர்கள். ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தில் எந்தப் பள்ளி முதலில், எந்த குரூப் முதலில் என்று வீட்டில் அதற்குள் முடிவு செய்திருப்பார்கள். ஜனவரியிலேயே வையுங்கள்.